கரி பூசி விற்ற எருது

ஆடி மாதம், அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்ச்சந்தைக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி. கட்டுத்தரையில் அரிக்கேன் விளக்கைத் தணித்து வைத்துவிட்டு, என் தாத்தா, அப்பாரு, கொட்டாங்குச்சியில் விளக்கெண்ணெய் ஊற்றி, அடுப்படிச் சுவரில் சுரண்டிய கரியைப் போட்டுக் குழைத்தார். மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. எனக்குப் பத்து வயது இருக்கும். 1972 என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். எருது காரி, நல்ல கறுப்பு. வாலடியிலும் கழுத்துப் பக்கத்திலும் மட்டும் மயிர் கொட்டி, தோல் தடித்து, சாம்பல் பூத்தாற்போலச் செதில் செதிலாக நின்றது. சொறி. அப்பாரு இரண்டு விரலால் கரியெண்ணெயைத் தொட்டுத் தொட்டு, மயிர் போகிற போக்கிலேயே தடவினார். அரிப்பெடுத்த இடத்தில் விரல் பட்டதும் எருதுக்குச் சுகம். கண்ணைப் பாதி மூடிக் கழுத்தை நீட்டிக் கொடுத்தது. தன்னை விற்கத்தான் இந்தச் சிங்காரம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

"நாளைக்கு வாயத் தொறக்கக் கூடாது, ஆமா" என்றார் அப்பாரு. எருதிடம் இல்லை, என்னிடம்.

மாட்டுக்கு வயிற்றில் நோவு என்றால் மாடு மறைக்கும். தோலில் நோவு என்றால் மாட்டுக்காரன் மறைப்பான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அன்றைக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கற்றுக்கொண்டது.

அந்தியூர்ச் சந்தை குதிரைக்குப் பேர் போனது. எனக்குக் குதிரை பார்க்கும் ஆசை. பர்கூர் மலையிலிருந்து இறங்கி வரும் மலைமாடுகளும் அங்கே நிற்கும், செந்நிறத்தில் வெள்ளைச் சுண்ணாம்பைத் தெளித்துவிட்டது போல. ஆனால் அன்றைக்கு நான் ஒன்றையும் பார்க்கவில்லை. காரியின் வாலடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடிக் காற்றோடு தூறல் வேறு போட்டது. கரி ஒழுகினால் என்ன ஆகும் என்று வயிற்றைக் கலக்கியது.

கொளத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். பல்லைப் பிடித்துப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்து வாலடிவரை உள்ளங்கையால் ஒரே இழுப்பாகத் தடவினார். கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் உள்ளங்கையைத் தேய்த்து முகர்ந்தார். அப்பாருவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஒன்றும் பேசாமல் வேட்டியில் கையைத் துடைத்துவிட்டுத் தரகரிடம், "துண்டப் போடுங்க" என்றார்.

துண்டுக்கு அடியில் விரல்கள் பேசின. எங்கள் பக்கத்துச் சந்தைகளில் விலை வாயால் பேசுவதில்லை. துண்டை மூடிக்கொண்டு விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். எந்த விரல் மடங்கியது, எத்தனை தடவை என்று பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. திரும்பி வரும்போது அப்பாரு வழியெல்லாம் பேசவில்லை. நினைத்த விலையில் ஐம்பது ரூபாய் குறைந்துபோனது என்று ஆத்தாவிடம் அவர் சொன்னது ராத்திரி காதில் விழுந்தது. வாங்கினவருக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அப்பாருவுக்கும் தெரிந்திருக்கிறது. ஐம்பது ரூபாய்க்கு இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். கொளத்தூரில் அந்தக் கட்டுத்தரையில் ஏற்கெனவே நின்ற மாடுகளைப் பற்றித்தான் துண்டுக்குள் யாரும் பேசவில்லை.

காரிக்கு வந்தது சொறிதான் என்று முதலில் சொன்னவரைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் கிணற்றில் அப்போது மோட்டார் வந்துவிட்டது. அதற்குமுன் கவலை இறைத்த காலத்தில், சாலின் அடியில் தொங்கும் தோல்வாலைத் தைத்துக் கொடுக்க ஒருவர் வருவார். மோட்டார் வந்த பிறகும் செருப்பு, வார், மாட்டுக் கழுத்துக்குச் சலங்கைப் பட்டை என்று ஏதாவது வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். ஊரில் மாடு செத்தால் எடுத்துப் போகிறவரும் அவர்தான். அப்பாரு வயது அவருக்கு. அவரைப் பேர் சொல்லித்தான் நாங்கள், சின்னப் பையன்கள்கூட, கூப்பிட்டோம். பேருக்குப் பின்னால் ஒரு தாத்தாவைச் சேர்க்க எனக்கு ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது.

அவர் கட்டுத்தரைக்குள் வரமாட்டார். வரவிட மாட்டார்கள் என்பதுதான் சரி. தென்னை மரத்தடியில் நின்றபடியே காரியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பண்ணாடி, அது உண்ணிக் கடி இல்லீங்க, சொறிங்க. தூண்ல ஒரசுது பாருங்க. அந்தத் தூண்ல அடுத்த மாடு ஒரசுனா அதுக்கும் ஏறிக்கும். தனியாக் கட்டுங்க." அப்பாரு கேட்டுக்கொண்டார். தனியாகக் கட்டவில்லை. அந்த வாயிலிருந்து வந்த வைத்தியத்தை எப்படி எடுத்துக்கொள்வது?

ஆனால் ஊரிலேயே மாட்டுத் தோலை உள்பக்கமாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மயிருள்ள பக்கம். ஒரு நாள் உரித்துக் கழுவிய தோலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து எனக்குக் காட்டினார். ஊசியால் குத்தினாற்போல நூறு பொட்டு வெளிச்சம். "பூரா உண்ணி கடிச்சதுங்க சின்னப் பண்ணாடி. இந்த எடத்துல செருப்புத் தெச்சா ஆறு மாசத்துல விட்டுரும்." நுகத்தடி உரசி ஆறிய கழுத்துத் தோல் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் எத்தனை நாள் ஊறினாலும் மரக்கட்டையாகவே நிற்கும் என்றார். வைத்தியம் என்று சொல்லி மாட்டுக்குப் போடுகிற சூடு இருக்கிறதே, அந்தத் தழும்பில் ஊசியே இறங்காது என்றார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மண்டிகளில் தோலைத் தரம் பிரிக்கிறவர்கள் இதே பொட்டையும் தழும்பையும்தான் பார்க்கிறார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது. உயிரோடு இருக்கும்போது நாம் கவனிக்காமல் விட்டதெல்லாம் தோலில் அப்படியே இருக்கும்.

அவர் சொன்னதும் முழுக்கச் சரி. கண்ணுக்கே தெரியாத நுண்ணுண்ணிகள் தோலைக் குடைவதும் அரிப்பதும்தான் சொறி. மாட்டிலிருந்து மாட்டுக்கு உரசலில் போகும். தூணில், கயிற்றில், தடுக்கில் ஒட்டிக்கொண்டும் போகும். காரியை விற்ற இரண்டு மாதத்தில் அதே தூணில் கட்டிய கிடாரிக்கும் வாலடியில் சாம்பல் பூத்தது. கந்தகத்தை வேப்பெண்ணெயில் குழைத்து மாதக் கணக்கில் பூசினோம். இப்போது ஐவர்மெக்டின் என்று தோலுக்கடியில் ஓர் ஊசி, பத்துப் பதினைந்து நாளில் இன்னொன்று, முடிந்தது. ஜப்பானில் ஒரு பிடி மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து அது. அதற்காக சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் காம்ப்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. செய்தியைப் படித்தபோது எனக்குக் காரியின் வாலடிதான் ஞாபகம் வந்தது. (கறவை மாட்டுக்கு அந்த ஊசியைப் போட்டால் பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.)

உண்ணி கதை தனி. ரத்தம் குடித்து உப்பிய உண்ணி, உரித்த கொட்டமுத்து மாதிரியே சாம்பல் நிறத்தில் பளபளவென்று இருக்கும். எனக்கு மட்டும் தோன்றியதில்லை இது. லத்தீனிலும் ரிசினஸ் என்றால் உண்ணி. கொட்டமுத்து காய்க்கிற ஆமணக்குக்கும் அதே பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பசுவின் மடி மடிப்பிலும் காதுக்குள்ளும் வாலடியிலும் உண்ணி பிடுங்கி, தண்ணீரும் மண்ணெண்ணெயும் ஊற்றிய டப்பாவில் போடுவது எங்கள் வேலை. நூற்றுக்கு ஐந்து பைசா. நான் எண்ணிக்கையில் ஏமாற்றியிருக்கிறேன்.

ஆத்தாவின் கணக்கு வேறு. "மாட்டு மேல இருக்கறத எண்ணி என்னடா ஆகுது, செவுத்துக்குள்ள இருக்கறத எண்ணு" என்பாள். அமாவாசைக்கு அமாவாசை பனையோலைச் சூட்டானைக் கொளுத்தி மண்சுவர் வெடிப்பெல்லாம் காட்டிக்கொண்டு போவாள். படபடவென்று பொரியும் சத்தம் கேட்கும். உப்பிய பெண் உண்ணி மாட்டிலிருந்து தானாகவே விழுந்து, ஊர்ந்துபோய் வெடிப்பில் ஒளிந்து, இரண்டாயிரம் மூவாயிரம் முட்டை வைத்துவிட்டுத்தான் சாகும். அது ஆத்தாவுக்கு எழுத்தில் தெரியாது, சத்தத்தில் தெரியும். காட்டில் மேய்கிற மாட்டின் காலடியிலேயே நடக்கிற வெள்ளைக் கொக்குக்கு உண்ணிக்கொக்கு என்று பேர் வைத்தவர்களும் இவளைப் போன்றவர்கள்தான்.

பிறகு கமாக்சின் பவுடர் வந்தது. அப்பா அதைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, மாட்டின் முதுகில் தட்டித் தட்டிப் பூசுவார். உண்ணி கொட்டும். ஊர் முழுக்க அந்த நெடிதான். அதே கையால் பால் கறந்தோம், அதே கையால் சோறு தின்றோம். பி.எச்.சி. என்கிற அந்தப் பவுடரை 1997இல் நம் நாட்டில் தடை செய்தார்கள். அதற்குள் நாங்கள் எவ்வளவு குடித்திருப்போமோ.

கன்றுக்குட்டிகளுக்கு வரும் வண்டுகடியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்ணைச் சுற்றியும் காதோரத்திலும் வட்டவட்டமாக, மாவு அப்பினாற்போல. பூஞ்சைதான் காரணம், மனுஷனுக்கும் ஒட்டும். எனக்கு ஒட்டியது. செவலைக் கன்றைக் கட்டிக்கொண்டே தூங்கும் பழக்கத்தால் முழங்கையில் ஒரு காலணா அளவுக்கு வட்டம். பள்ளிக்கூடத்தில் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். ஆத்தா வண்டுகொல்லி இலையை எலுமிச்சம்பழச் சாறு விட்டு அரைத்து எனக்கும் கன்றுக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து பூசினாள். எனக்கு ஆறியது. கன்றுக்கும் ஆறியது. வைத்தியமே பார்க்காத கன்றுக்கும் இரண்டு மூன்று மாதத்தில் அது தானாக ஆறிவிடும் என்பது இப்போது தெரிகிறது. அதனால் ஆத்தாவின் புகழைக் குறைக்க நான் தயாராக இல்லை.

1983இல் வந்தது வேறு மாதிரி. மழை பொய்த்து, கிணறு வற்றி, சோளத்தட்டுக்குத் தங்க விலை. அப்பா கடன் வாங்கி வாங்கிய கறுப்பு வெள்ளைச் சீமைப்பசு ஒன்று இருந்தது. தீவனம் இல்லாமல் மலையடிவாரத்துக்கு ஓட்டிவிட்டோம். அங்கே பசேல் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், உண்ணிச்செடி. மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து நிற்குமே, அது. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த செடி இன்றைக்கு மலைக்காட்டையே மூடிக்கொண்டிருக்கிறது. வயிறு நிறைந்த மாடு அதைத் தொடாது. பசித்த மாடு தின்றுவிட்டது.

நாலைந்து நாளில் பசு வெயிலுக்கு வர மறுத்தது. சாணி இறுகிப்போனது. கண்ணின் வெள்ளை மஞ்சளித்தது. பிறகு நடந்ததை நான் வேறு எந்த மாட்டிலும் பார்த்ததில்லை. அதன் உடம்பில் வெள்ளைத் திட்டுகள் மட்டும் வெந்தன. முதலில் சிவந்து வீங்கி நீர் வடிந்தது. அப்புறம் அட்டை மாதிரி விறைத்து, ஓரம் தூக்கிக்கொண்டு, உரியத் தொடங்கியது. கறுப்புத் திட்டில் ஒரு கீறல் இல்லை. கத்தரியால் வெட்டினாற்போல, கறுப்பு முடிகிற கோட்டில்தான் புண் தொடங்கியது. அம்மா கண்ணேறு என்றாள். அக்கம்பக்கத்தில் ஆசிட் ஊற்றிவிட்டார்கள் என்று பேச்சு. வரப்புத் தகராறுக்காரர் பேரும் அடிபட்டது. அப்பாவும் பாதி நம்பினார்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து புண்ணைப் பார்க்கவில்லை, கண்ணிமையை மடக்கிப் பார்த்தார். "எங்க மேஞ்சுது?" அந்த ஒரு கேள்விதான். வரப்புத் தகராறு அத்தோடு ஒழிந்தது. உண்ணிச்செடியின் நஞ்சு ஈரலைக் கெடுக்கிறது. ஈரல் கெட்டால் பித்தநீர் ஓடாது. பச்சையைத் தின்று செரித்ததில் மிஞ்சும் ஒரு பொருள் பித்தத்தோடு வெளியே போக வழியில்லாமல் ரத்தத்தில் கலந்து தோலுக்கு வந்துவிடுகிறது. அதன்மேல் வெயில் பட்டால் தோல் எரிகிறது. கறுப்புத் தோல் தன் நிறத்தாலேயே குடை பிடித்துக்கொள்கிறது. வெள்ளைக்கு அந்தக் குடை இல்லை. டாக்டர் அப்பாவுக்கு விளக்கினதைத்தான் எழுதுகிறேன். நோய் தோலில் இல்லை, ஈரலில் இருக்கிறது; தோல் அதைக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான் என்றார்.

பகலெல்லாம் இருட்டுக் கொட்டகையில் கட்டி, ராத்திரியில் மட்டும் வெளியே விட்டோம். வயிற்றில் மிச்சமிருக்கும் நஞ்சை உறிஞ்ச, கரித்தூளைத் தண்ணீரில் கரைத்து மூங்கில் கொட்டத்தில் புகட்டச் சொன்னார். நானும் அப்பாவும் புகட்டினோம். அந்தக் கொட்டகையில் கரி ஒரு மாட்டுக்கு உண்மையாகவே உதவியது அப்போதுதான். பசு பிழைத்தது. மூன்று மாதத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்தது, குழந்தைக்கு வருகிற மாதிரி.

வாத்தியார் உத்தியோகத்தில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ஓய்வு பெற்றதும் தோட்டத்துக்கே திரும்பிவிட்டேன். ஒரு கலப்புப் பசு, ஒரு கிடாரி. 2022 ஆவணியில் தொலைக்காட்சியில் ராஜஸ்தானையும் குஜராத்தையும் காட்டினார்கள். உடம்பெல்லாம் கட்டிகளோடு மாடுகள் வரிசையாகச் செத்துக் கிடந்தன. தோல் கழலை நோய். பெரியம்மை என்றும் சொல்கிறார்கள். 1929இல் ஆப்பிரிக்காவில் சாம்பியாவில் முதலில் கண்டது. 90 வருஷம் கழித்து, 2019இல் ஒடிசாவில் இறங்கியது. அங்கிருந்து எங்கள் கட்டுத்தரைக்கு வர மூன்று வருஷம். கடிக்கிற ஈ, கொசு, உண்ணி மூன்றும் அதற்கு வண்டி.

கார்த்திகை மாதம், அடைமழை விட்ட நேரம். விடியற்காலையில் கறக்க உட்காருவதற்குமுன் வழக்கம்போலக் கழுத்தைத் தடவிக் கொடுத்தேன். தோலுக்குள் புளியங்கொட்டை மாதிரி ஒன்று விரலில் தட்டுப்பட்டது. பக்கத்தில் இன்னொன்று. இருட்டில் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. மயிர் அந்த இடத்தில் மட்டும் குத்திட்டு நின்றது. காது சுட்டது. ஏழரை லிட்டர் கறக்கிற பசு மூன்றரையோடு நிறுத்திக்கொண்டது. சாயங்காலத்துக்குள் தோளுக்கு முன்னால் நெறி கட்டி எலுமிச்சம்பழமாக வீங்கிவிட்டது. மறுநாள் புளியங்கொட்டையெல்லாம் நெல்லிக்காய். முன்னங்கால் இரண்டும் வீங்கி, மூக்கு ஒழுகி, நின்ற இடத்திலேயே நின்றது.

எனக்கு என்னவென்று முதல் நாளே தெரியும். படித்திருக்கிறேன், பார்த்திருக்கிறேன். ஆனாலும் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பால் ஊற்றும் இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், ஊரில் நம் வீட்டுப் பாலை ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று கணக்கு. மனுஷனுக்கு இந்த நோய் ஒட்டாது. காய்ச்சிய பாலில் ஆபத்து இல்லை. அதுவும் தெரியும். தெரிந்துகொண்டே பசுவின் மேல் சாக்கைப் போர்த்தி, கேட்டவர்களிடம் குளிருக்கு என்றேன். கரிக்குப் பதில் சாக்கு.

மூன்றாம் நாள் என் மனைவிதான் பொறுக்க மாட்டாமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குப் போன் போட்டாள். வண்டியில் வந்த டாக்டர் சின்னப் பெண். காய்ச்சலுக்கும் வலிக்கும் ஊசி, புண்ணில் சீழ் பிடிக்காமல் இருக்க ஊசி. கிருமிக்கே நேராக மருந்து கிடையாது, மாடுதான் அதோடு மல்லுக்கட்ட வேண்டும் என்றாள். "தடுப்பூசி போட்டுருங்களேன்மா" என்றேன். "வந்ததுக்கப்புறம் போடக் கூடாதுங்க ஐயா. அது வராத மாட்டுக்கு. உங்க மாட்டுக்குப் போட்டிருக்கா?" போடவில்லை. ஏன் போடவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தத் தடுப்பூசி ஆட்டம்மைக்கு உண்டாக்கியது. மாட்டின் கழலைக் கிருமியும் ஆட்டம்மைக் கிருமியும் பங்காளிகள் என்பதால் ஒன்றுக்குப் போட்டது இன்னொன்றையும் தடுக்கிறது. 1796இல் ஜென்னர் மாட்டம்மைப் பாலை எடுத்து மனுஷனுக்குப் போட்டு அம்மையைத் தடுத்தார். மாட்டுக்கு ஆடு அந்தக் கடனை அடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மரபு வைத்தியமும் செய்தோம். பத்து வெற்றிலை, பத்துக் கிராம் மிளகு, பத்துக் கிராம் கல்லுப்பு, வெல்லம் சேர்த்து அரைத்து நாக்கில் தடவுவது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் எல்லாம் அரை லிட்டர் நல்லெண்ணெயில் காய்ச்சிப் புண்ணுக்குப் பூசுவது. கட்டிகள் உடைந்து நடுவில் குழி விழுந்தபோது ஒன்றில் புழு வைத்துவிட்டது. சீத்தாப்பழ இலையை அரைத்து அப்பினேன். ஒரு மணி நேரத்தில் நெளிந்து நெளிந்து வெளியே விழுந்தது. நான் வாத்தியார், இதெல்லாம் எவ்வளவு தூரம் மருந்து, எவ்வளவு தூரம் நம் கைக்கு ஒரு வேலை என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எண்ணெய் பூசின புண்ணில் ஈ உட்காரவில்லை. அதைக் கண்ணால் பார்த்தேன்.

பசு பிழைத்தது. பக்கத்துத் தோட்டத்து அக்காவின் மூன்று மாதக் கன்று பிழைக்கவில்லை. தனியாக இருக்கிற மனுஷி. ஒரு மாடு, ஒரு கன்று, அதுதான் வருமானம். எங்கள் கொட்டகைக்கும் அவள் கொட்டகைக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி. ஈக்கும் கொசுவுக்கும் அது ஒரு வேலியா? கன்றுக்கு வாய்க்குள்ளும் தொண்டையிலும் கட்டி வந்து பால் இறங்கவில்லை. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க நானும் போனேன். மண்ணைத் தள்ளி முடித்த பிறகு அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ரெண்டு நா முந்திச் சொல்லியிருந்தீனா, ஒரு கொசுவலையாச்சும் கட்டியிருப்பேனே தம்பி."

கொசுவலை கட்டியிருந்தால் கன்று பிழைத்திருக்குமா? என் வீட்டு மாட்டிலிருந்துதான் போனதா, இல்லை இரண்டுக்கும் வேறெங்கோ இருந்து ஒரே நாளில் வந்ததா? டாக்டர் பெண்ணிடம் கேட்டேன். சொல்ல முடியாதுங்க ஐயா என்றாள். அக்கா இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறாள், மோர் வாங்கிப் போகிறாள். அந்தப் பேச்சை மறுபடி எடுத்ததில்லை.

எங்கள் பசு இன்னும் கட்டுத்தரையில்தான் நிற்கிறது. கழுத்திலும் விலாவிலும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மயிர் முளைக்காத வட்டங்கள். எண்ணி வைத்திருக்கிறேன், நாற்பத்திமூன்று. ஏழரை லிட்டர் போய் இப்போது ஐந்து. தென்னை மரத்தடியில் நின்று பார்த்தவர் இருந்திருந்தால், இந்தத் தோலில் எந்த இடத்தில் ஊசி இறங்கும், எந்த இடத்தில் இறங்காது என்று சொல்லியிருப்பார்.

ஊசி போடாத காரணத்தைச் சொல்கிறேன் என்றேன். அந்த வருஷம் சித்திரையில் எங்கள் ஊருக்கு முகாம் வந்தது. கோயில் மைதானத்துக்கு எல்லோரும் மாட்டை ஓட்டிக்கொண்டு வரச் சொல்லித் தண்டோரா போட்டார்கள். வராத வீடுகளுக்கு அவர்களே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊசி போட்டால் நாலு நாளைக்குப் பால் குறையும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நாலு நாள் பால் என்றால் ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம்.

இனிமேல் உங்கள் ஊருக்கு ஊசி போட வந்தால், மாட்டைப் பின்பக்கமாகக் காட்டுக்கு ஓட்டிவிட்டு, மேயப் போயிருக்கிறது என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன்.